வாபஸ் வாங்காத கோரிக்கைகள்

அண்ணி இருந்தார். அண்ணியின் மகள் இருந்தாள். இருபத்தாறு வயது, ஆனாலும் எல்லோருக்கும் பாப்பா. என் மனைவியின் தம்பி இருந்தான், எலெக்ட்ரீஷியன். எதிர்வீட்டுப் பெயிண்டர் அண்ணன் இருந்தார். நான் இருந்தேன். நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் பாப்பாவின் ஃபோன் இருந்தது. என் மனைவி இல்லை. நாடகம் என்றால் அவளுக்கு ஆகாது.

இடம் பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் அண்ணி வீட்டு ஹால். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம்.

எங்கள் தெருவில் காணும் பொங்கல் அன்று விழா நடக்கும். தெருமுனையில் மேடை. உறியடி, மியூசிக்கல் சேர், கோலத்துக்குப் பரிசு, பேச்சு. கடைசியில் ஒரு நாடகம். நாடகம் எங்களுடையது. நானும் பெயிண்டர் அண்ணனும் என் கூடப்பிறந்த அண்ணனும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் மூடியது. அவர் பெயிண்ட் அடிக்கப் போனார். நான் லோடு ஆட்டோ எடுத்தேன். அண்ணன் வாட்ச்மேன் ஆனார். நாடகத்தை மட்டும் விடவில்லை. கதை அண்ணன் சொல்வார். நாங்கள் நடிப்போம். பெண் வேஷம் பெயிண்டர் அண்ணனுக்கு. மீசையை எடுக்க மாட்டார். முந்தானையால் மூடிக்கொள்வார்.

அண்ணன் இறந்துபோனார். போன பொங்கலுக்கு நாடகம் இல்லை.

இந்த வருஷம் அண்ணிதான் பேச்சை எடுத்தார்.

"நாடகம் போடுங்க. நான் நடிக்கிறேன்."

மச்சான் சிரித்தான். "என்னாக்கா, திடீர்னு?"

"திடீர்னு இல்லடா. கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து கேக்கறேன். நம்மூட்டுப் பொம்பள மேடை ஏறக் கூடாதுன்னாரு. இப்ப யாரக் கேக்கணும்? சொல்லு."

அண்ணிக்குக் கடற்கரைப் பக்கம் ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. முட்டி வலி. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். மேடைக்கும் படி உண்டு. இந்த வருஷம் இல்லை என்றால் அப்புறம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

கதை சொல்லத்தான் ஆள் இல்லை. பாப்பா ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். அவள்தான் ஃபோனில் இருக்கிற ஏஐயைக் கேட்கலாம் என்றாள்.

"சும்மா கேட்டா சும்மா எழுதும். நமக்கு ஏத்த மாதிரி முன்னாடியே சொல்லி வைக்கணும் சித்தப்பா. இங்க ஒரு கட்டம் இருக்குது பாருங்க. இதுல எழுதிப் போட்டத அது மறக்காது. ஒவ்வொரு தடவையும் அதப் பாத்துட்டுதான் எழுதும்."

இந்த இடத்தில்தான் நாங்கள் தப்புச் செய்தோம்.

எழுதிப் போட வேண்டும் என்றதும் பெயிண்டர் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மில்லில் அவர் சங்கத்தில் இருந்தவர். கோரிக்கை எழுதுவது என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு கோரிக்கை. யார் சொன்னாலும் எழுத வேண்டும். சின்னது பெரியது பார்க்கக் கூடாது. எழுதியதை இன்னொருவன் அடிக்கக் கூடாது. சொன்னவனே வாய்விட்டு வாபஸ் வாங்கினால்தான் அடிக்கலாம். சங்கம் அப்படித்தான் உடையாமல் இருந்தது. எனக்கும் அந்தப் பழக்கம்தான். கதைக்கு அது சரிப்படுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. பாப்பா, எழுதிக்கம்மா."

முதலில் விழாக் குழு சொன்னவை. மேடையில் குடிக்கக் கூடாது. கட்சி கூடாது. கெட்ட வார்த்தை கூடாது.

"குடிக்காம பாண்டிச்சேரில நாடகமா?" என்றான் மச்சான். "வெளியூர்க்காரன் கேட்டா சிரிப்பான் மாமா."

"நீ என்னா கேக்கற, அதச் சொல்லு."

"ஹீரோ அழுவக் கூடாது. அடி வாங்கக் கூடாது." ஹீரோ அவன்தான். எப்போதும் அவன்தான்.

பெயிண்டர் அண்ணன் சொன்னார். "வீட்டுச் சண்டை வேணாம். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?"

பாப்பா சொன்னாள். "அம்மாவா வர்றவங்க மூலைல உக்காந்து அழுதுக்கிட்டே இருக்கக் கூடாது."

அண்ணி சொன்னார். "யாரும் சாவக் கூடாது. விதவை வேஷமும் வேணாம். அத வீட்லயே போட்டுக்கினுதான் இருக்கறேன்."

நான் கடைசி. "மில் கேட் வரணும்" என்றேன். "மூடின அன்னிக்கு கேட்ல நோட்டீஸ் ஒட்டனானே, அது வரணும்."

பாப்பா எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தில் எழுதினாள். கதை எழுதச் சொன்னாள். நான் டீ கிளாஸை எடுப்பதற்குள் எழுதிவிட்டது. அவள் படித்தாள்.

கேட்டில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். தொழிலாளர்கள் புன்னகையோடு படிக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வருகிறார். அம்மா, "அன்புள்ளவரே, ஒரு கதவு மூடினால் என்ன, நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது" என்கிறார். எல்லோரும் சேர்ந்து சிறுதானியக் கடை வைக்கிறார்கள். கடை ஓகோ என்று ஓடுகிறது.



"அன்புள்ளவரேவா?" என்றார் அண்ணி. "இவ பொண்டாட்டியே இல்ல. ஆஸ்பத்திரி நர்சு."

"அத்தினி பேரும் சிரிச்சுக்கினே நோட்டீஸ் படிச்சானுவளா?" என்றேன்.

"நீங்க எழுதிப் போட்ட மாதிரிதானே எழுதியிருக்குது" என்றாள் பாப்பா. அவள் சொன்னது நியாயம். எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு பேச்சு நடையைச் சரி பண்ண உட்கார்ந்தோம். எங்கள் ஊர் மாதிரி பேசு என்று எழுதிப் போட்டாள். சினிமா ரவுடி மாதிரி பேசியது. அம்மா பாத்திரம் மகனைப் பார்த்து "இன்னாபா மெர்சலாயிட்டியா" என்றது. அண்ணி எழுந்து போய் அரிசி களைந்துவிட்டு வந்தார்.

பாப்பாவுக்கு ஒரு யோசனை. நாம் பேசுவதையே பதிவு பண்ணி மாதிரிக்குக் கொடுக்கலாம் என்றாள். எப்படிப் பேசுவது என்று தெரியாமல் விழித்தோம். ஃபோன் கேட்கிறது என்றால் பேச்சு வராது. பெயிண்டர் அண்ணன் "வணக்கம்" என்று ஆரம்பித்தார். அப்போது மாடி வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டார். அண்ணி வாசலுக்குப் போய்க் கத்தினார். அவர் மோட்டார் போட மணி பார்ப்பதில்லை, கீழே இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா, ஒரு குடம் பிடிப்பதற்குள் தண்ணீர் நின்றால் எப்படி என்று ஒரு பாட்டம். பாப்பா அதைப் பதிவு பண்ணிவிட்டாள். நல்ல பேச்சு. அதை மாதிரிக்குக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் கதையில் வரும் அம்மா அசல் அண்ணி மாதிரியே பேசினார். ஆனால் எந்தக் காட்சியிலும் தண்ணீர் மோட்டாரைப் பற்றியே பேசினார். மகனுக்கு வேலை கிடைத்தாலும் மோட்டார். பெண் பார்க்க வந்தாலும் மோட்டார்.

மச்சான் தரையில் விழுந்து சிரித்தான். "வாத்தியாரு மோட்டார விடமாட்டேங்கறாரு." அவன் ஏஐயை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனப்பாடம் பண்ண ஒரு வரிகூட இன்னும் இல்லை.

பாப்பா மோட்டாரைச் சரி பண்ணினாள். நடையை மட்டும் எடுத்துக்கொள், விஷயத்தை எடுத்துக்கொள்ளாதே என்று எழுதினாளாம். அது சரியாகக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்டது. அதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"மில் மூடுவதைக் காட்டச் சொல்கிறீர்கள். கதாநாயகனும் அம்மாவும் அழக் கூடாது, வீட்டில் சண்டை கூடாது, யாரும் சாகக் கூடாது என்றும் சொல்கிறீர்கள். இவை எல்லாம் சேர்ந்தால் கதையில் யாருக்கும் எதுவும் நடக்காது. இவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம்?"

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அது சொன்னது சரி.

பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "சித்தப்பா, நானே ரெண்ட எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது."

"வேணாம்."

"ஃபோன்லதானே இருக்குது. யாரு பாக்கப் போறாங்க?"

"சொன்னவங்க வாபஸ் வாங்கணும்மா."

"கதை எழுதறமா, போனஸ் கேக்கறமா?" என்று கேட்டாள். முறை என்றால் முறை.

மச்சானைத் தேடிக் கருவடிக்குப்பம் போனேன். ஒரு புது வீட்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். ஏணி மேலேயே நின்று நான் சொன்னதைக் கேட்டான்.

"மில்லு மூடிடுச்சு. அப்பனுக்கு வேலை போச்சு. மவன் அழுவலன்னா அவன் மவனாடா?"

"நான் அழுதா தெரு சிரிக்கும் மாமா. போன தபா பைக்ல வுழுந்தப்பவே வீடியோ எடுத்தானுங்க."

"நல்லா அழுதா சிரிக்க மாட்டானுவ."

"நல்லா அழ வராது." யோசித்தான். "சரி, வாபஸ். ஆனா கூலிங் கிளாஸ் போட்டுக்குவேன். அத எழுதச் சொல்லு. அழும்போது கிளாஸ் இருக்கணும்."

ஒன்று போனது. ஒன்று வந்தது.

பெயிண்டர் அண்ணன் தன் வீட்டு வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். சண்டை இல்லாமல் கதை நிற்காது என்றேன்.

"எம்மூட்ல தினம் நடக்குது. பெரியவன் ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம். காசு குடுக்காமலே தெரு பாக்குது. அத மேடைல வேற ஏத்தணுமா?"

"உங்க வீட்டுச் சண்ட இல்லண்ணே. மில்லுக்காரன் வீட்டுச் சண்ட."

"நானும் மில்லுக்காரன்தான்டா."

மண்ணெண்ணெய் வாடையில் ரொம்ப நேரம் நின்றேன். கடைசியில் சொன்னார். "வாபஸ் வாங்கறேன். ஆனா பொம்பள வேஷம் போச்சு எனக்கு. அதுக்குப் பதிலா ஒரு காமெடி சீன் குடுக்கணும். முழுசா. நடுவுல வெட்டக் கூடாது. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். திரும்பி வரும்போது கணக்குப் பார்த்தேன். போனபோது இருந்ததைவிடக் கோரிக்கை நீளமாகிவிட்டது.

மீதி அண்ணி. கதை சாவு கேட்கிறது என்று எனக்குத் தோன்றியது. மில் மூடிய பிறகு எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நிலைப்படியில் நின்று கேட்டேன்.

"முடியாது தம்பி."

"கதைல வர்ற அப்பாதான் அண்ணி. அண்ணன் இல்ல."

"மேடைல ஒருத்தன் படுத்துக்கினு, நான் பக்கத்துல உக்காந்தா, அது அவருதான். தெருவுக்குத் தெரியாதா? ஒரு தபா பாத்தாச்சு. போதும்."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கீரைத் தண்டைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

"ஆனா அவரு வேலை போயி வீட்ல உக்காந்திருந்தாரே" என்றார் அண்ணி. "ஆறு மாசம் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல. அப்ப நான் ஒரு நாளு பேசனேன். உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அத வேணும்னா சொல்றேன்."

பாப்பாவைக் கூப்பிட்டோம். ஃபோனை அரிசி டப்பா மேல் வைத்தாள். இந்த முறை அண்ணி ஃபோனைப் பார்க்கவே இல்லை. கீரையைப் பார்த்துப் பேசினார்.

"மில்லு மூடினா மூடிட்டுப் போவட்டும். நீ ஏன்யா வாய மூடிக்கின? கேட்ட அவன் மூடினான். வாய எவன் மூடினான்? காலைல எழுந்து சட்ட போட்டுக்கினு நாற்காலில உக்கார்ற. சாய்ங்காலம் சட்டையக் கழட்டற. யாருக்குய்யா போட்ட? நாற்காலிக்கா? நான் நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிறேன், அது உனக்குக் கேவலமா இருக்குது. உன்ன உக்காத்தி வெச்சுப் பாக்கறது எனக்கு எப்படி இருக்கும்னு கேட்டியா? அடி. எதுனா ஒண்ணு அடி. தட்ட எடுத்து அடி. என்ன அடி. நீ இருக்கறியான்னு எனக்குத் தெரியணும்..."

நீளமாகப் பேசினார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேசி முடித்து அண்ணி கீரையை அலசப் போய்விட்டார்.

ஏஐ அதில் கை வைக்கவில்லை. "இந்தப் பேச்சை அப்படியே வைக்கிறேன். முன்னும் பின்னும் மட்டும் கட்டுகிறேன்" என்றது. கட்டியது. நன்றாகவும் கட்டியது. கேட் வந்தது, நோட்டீஸ் வந்தது, மகன் கூலிங் கிளாஸோடு அழுதான், பெயிண்டர் அண்ணன் சோப்பு விற்பவராக வந்து வழுக்கி விழுந்தார், அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், அம்மா பேசினார். கடைசியில் அப்பா எழுந்து நின்றார். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. அப்பா நான்.

ஒத்திகை பார்த்தோம். இருபது நிமிஷம் வந்தது. குழு கொடுத்ததும் இருபது நிமிஷம்தான். அண்ணி விடுதியில் மெத்தை விரிப்பு மாற்றும்போதுகூட வசனம் சொல்லிப் பார்த்தாராம். கூட வேலை செய்கிறவள் யாரோடு சண்டை என்று கேட்டாளாம்.

போகிக்கு முந்தின நாள் குழுச் செயலாளர் வந்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நின்றார்.

"நாடகத்தப் பத்து நிமிஷமா சுருக்கிக்குங்க."

"இருபதுன்னீங்களே."

"புள்ளைங்க டான்சு நெறைய வந்துடுச்சு. வீட்டுக்கு வீடு ஒரு டான்சு. யார வேணாங்கறது? நீயே சொல்லு."

"பத்துல எப்படி முடியும்?"

"முடியலன்னா விட்டுடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவருக்கு அடுத்த வருஷம் இருந்தது.

மறுபடியும் ஹாலில் உட்கார்ந்தோம். பாப்பா பத்து நிமிஷமாகச் சுருக்கச் சொன்னாள். சுருக்கியது. அவள் மனதுக்குள் படித்தாள். முகம் மாறியது.

"படிம்மா" என்றார் பெயிண்டர் அண்ணன்.

கேட் முழுசாக இருந்தது. சோப்பு வியாபாரி முழுசாக வழுக்கி விழுந்தார். கூலிங் கிளாஸ் இருந்தது. அம்மா உள்ளே இருந்து வந்து "எழுந்திரிய்யா" என்றார். அப்பா எழுந்தார். திரை.

"எங்கம்மா பேசினது எங்க?" என்று பாப்பா ஃபோனையே கேட்டாள். அது நேராகப் பதில் சொன்னது.

"கேட் காட்சி வர வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. நகைச்சுவைக் காட்சியை வெட்டக் கூடாது என்று இருக்கிறது. மகன் கண்ணாடியோடு அழ வேண்டும் என்று இருக்கிறது. அம்மாவின் பேச்சைக் காக்கும்படி எந்தக் குறிப்பும் இல்லை. அதனால் அங்கே குறைத்தேன். மாற்ற வேண்டுமானால் எதைக் குறைப்பது என்று சொல்லுங்கள்."

அந்தக் கட்டத்தில் ஆளுக்கு ஒன்று எங்களுக்காக எழுதி வைத்திருந்தோம். அண்ணியின் பேச்சுக்காக யாரும் எழுதவில்லை. அண்ணியும் எழுதவில்லை. அவர் கேட்டதெல்லாம் யாரும் சாகக் கூடாது என்பது.

"பரவால்ல" என்றார் அண்ணி. "ஒரு வார்த்தனாலும் மேடைல நின்னு சொல்லுவேன் இல்ல. போதும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஃபோன்மேல் வந்தால் வசதியாக இருந்திருக்கும். அது கேட்டதைத்தான் செய்தது.

பெயிண்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தேன். "கிளாஸ் எவ்ளோ நேரம் மாமா புடிக்கும்? அது ஒண்ணும் இல்ல" என்றான். அது உண்மை. பெரிய காட்சி என்னுடையதுதான். கேட், நோட்டீஸ், கூட்டம், மில் சங்கு. நானும் அண்ணனும் அன்றைக்கு அங்கே நின்றோம். நோட்டீஸில் பசை காயவில்லை. அண்ணன் விரலால் தொட்டுப் பார்த்தார். அதைத் தெரு பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. மில் இருந்த இடம்கூட இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது.

எழுந்து நின்றேன். முறை அதுதான். கூட்டத்தில் என்றால் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

"மில் கேட் கோரிக்கைய வாபஸ் வாங்கறேன்."

"தம்பி, உக்காரு" என்றார் அண்ணி.

"சொல்லியாச்சு."

"அது உங்கண்ணன் கதைடா."

"நீங்க பேசறதும் அதான் அண்ணி."

பாப்பா எதுவும் கேட்காமல் அந்த வரியை அடித்தாள். கட்டத்தில் புது வரி ஒன்று எழுதினாள். அம்மாவின் பேச்சில் ஒரு வார்த்தை குறையக் கூடாது. பெயிண்டர் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சோப்பு ஒரு தடவை வழுக்கினால் போதும், மூன்று தடவை வேண்டாம் என்றார். அதற்குமேல் அவர் வாபஸ் வாங்கவில்லை.

காணும் பொங்கல் அன்று டான்ஸ் எல்லாம் முடிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். மச்சான் அண்ணியின் கையைப் பிடித்து மேடை ஏற்றினான். நான் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தேன். எனக்குப் பேச்சு இல்லை. உட்கார வேண்டும், கடைசியில் எழ வேண்டும். சோப்பு வியாபாரி வந்து விழுந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். மச்சான் வந்து அழுதான். அதற்கும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "மில்லு நாடகம்னாங்க. மில்லு எங்கப்பா?"

அப்புறம் அண்ணி வந்தார். மைக் சரியில்லை. கரகரத்தது. யாரோ சரி பண்ண வந்தார்கள். அண்ணி அவர்களைக் கையால் தள்ளிவிட்டு மைக் இல்லாமலே பேசினார். "யாருக்குய்யா போட்ட? நாற்காலிக்கா?" என்றபோது கூட்டத்தில் சிரிப்பு நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டிய இடம் வந்தது. எழ மறந்துவிட்டேன். அண்ணி வசனத்தில் இல்லாததையும் சேர்த்துப் பேசிக்கொண்டே போனார். செயலாளர் மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை.

பாப்பா கீழே இருந்து படம் பிடித்தாள். அப்புறம் பார்த்துச் சொன்னாள். அண்ணி பேசியது ஒன்பது நிமிஷம்.